கேமராவுக்குள் சுபத்ரா

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பது. கார்டைப் படிக்க முடியவில்லை என்று கேமரா மூன்றாவது தடவையாகச் சொன்னது.

ஜெயவேலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே வரிதான். ஒரு வருஷமாக பீரோவில், புடவைகளுக்கு நடுவே கிடந்த கேமரா. பாச்சை உருண்டை வாசனை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சுபத்ராவுக்கு முதல் வருஷத் திதி. அதற்குள் அவளுடைய படம் ஒன்று வேண்டும்.

படமே இல்லை என்று சொல்ல முடியாது. கூடத்துச் சுவரில் மாலையோடு ஒன்று தொங்குகிறது. ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. பதினொரு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். போஸ்டர் அடிக்கிறவன் வாசலில் வந்து நின்றபோது அவசரத்துக்கு அதுதான் கைக்குக் கிடைத்தது. பெரிதாக்கியதில் கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாகிவிட்டன.

சிங்கப்பெருமாள் கோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் வினிதா முந்தின நாள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வர்றவங்க எல்லாம் அந்தப் படத்தைத்தாம்ப்பா பாப்பாங்க. அம்மா அதுல போலீஸ் புடிச்சிகினு போனவங்க மாதிரி கீறாங்க."

"கேமராவுல நூத்துக்கணக்குல கீதும்மா. நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துத் தரேன்."

ஆனால் கேமரா ஒன்றையும் காட்ட மறுத்தது. அன்று ராத்திரியே, மாடியில் குடியிருக்கும் பத்ரியைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்ரி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

"அங்கிள், உள்ள இருக்கற ஃபர்ம்வேர் ரொம்பப் பழசு. கேமராவோட மூளைன்னு வெச்சுக்கோங்க. அத அப்டேட் பண்ணா சரியாயிடும்னு நெனைக்கறேன்."

வழிமுறையை இரண்டு தாளில் அச்சடித்துக் கொடுத்தான். புது ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். போகும்போது வாசலில் நின்று சொன்னான்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வேற கார்டு எடுத்துண்டு வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்கோ அங்கிள்."

ஜெயவேலு திருமுடிவாக்கத்தில் முப்பத்தொரு வருஷம் மெஷின் செட்டராக இருந்தவர். டூல் மாற்றி, அளவு வைத்து, முதல் பீஸைப் பார்த்துச் சரி சொல்வது அவர் வேலை. தொடாதே என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

தாளை எடுத்தார். ஒன்று: கார்டை ஃபார்மேட் செய்யவும்.

நான்காவது தடவை கார்டைப் பிடுங்கிச் செருகினார். கேமரா இந்தத் தடவை பேசாமல் ஏற்றுக்கொண்டது. படம் பார்க்கிற பட்டன் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் தாளில் அது இல்லை. தாளில் உள்ளதை வரிசையாகச் செய்துதான் அவருக்குப் பழக்கம். ஃபார்மேட் செய்தார். நிச்சயமா என்று கேமரா கேட்டது. நிச்சயம் என்றார்.

இரண்டு: ஃபைலைக் கார்டில் ஏற்றவும். வினிதாவின் பழைய லேப்டாப்பில் ஏற்றினார். மூன்று: கார்டைக் கேமராவில் போட்டு அப்டேட்டைத் தொடங்கவும். அப்டேட் முடியும்வரை எந்தப் பட்டனையும் தொடக் கூடாது.

திரையில் ஒரு பச்சைக் கோடு கிளம்பியது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து பர்சென்ட்டில் போன் அடித்தது. வினிதா. அம்மா போனதிலிருந்து தினமும் ஏழரை மணிக்கு அவள் கூப்பிடுவாள். ஜெயவேலு போனைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். எந்தப் பட்டனையும் என்றால் எந்தப் பட்டனையும்தான். வியர்த்தது. மின்விசிறியைக்கூடப் போடவில்லை.

போன் ஏழு தடவை அடித்து ஓய்ந்தது. சிறிது நேரத்தில் மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம்.

"அங்கிள்! அங்கிள்! கதவத் தொறங்கோ!"

"இருப்பா. எழுபது பர்சென்ட்."

"என்னது?"

"எழுபது முடிஞ்சிடுச்சு."

"வினிதா போன்ல அழறாங்க அங்கிள்!"

"அழாதன்னு சொல்லு. எழுபத்திரெண்டு."

பத்ரி கதவை இடித்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள். ஜெயவேலு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுபத்தெட்டில் கோடு நின்றது. பிறகு திரை கறுத்தது.

பட்டனை அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. தாளைத் திருப்பினார். நான்காவது வரி அடுத்த தாளில் இருந்தது: தொடங்கும் முன் பேட்டரியில் முழு சார்ஜ் இருப்பது அவசியம்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். பத்ரி பாதி சவரத்தில், கன்னத்தில் நுரையோடு நின்றான்.

"உடம்புக்கு என்ன அங்கிள்?"

"உடம்பு நல்லாத்தான் கீது. கேமராதான் பூடுச்சு."

பத்ரி உள்ளே வந்து தாளைப் பார்த்தான், லேப்டாப்பைப் பார்த்தான், கேமராவைக் கையில் எடுத்தான். நுரை கழுத்தில் இறங்கியது.

"எந்தக் கார்ட ஃபார்மேட் பண்ணேள்?"

"அதுல இருந்ததுதான்."

"அப்ப படமெல்லாம்?"

"படம் கேமராவுக்குள்ள கீதுப்பா. கார்டு சும்மா சாவி மாதிரிதானே?"

பத்ரி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கேமராவுக்குள்ள ஒண்ணுமே இருக்காது அங்கிள். எல்லாம் கார்டுலதான்."

ஜெயவேலு நின்றுகொண்டே இருந்தார். சுவரிலிருந்து சுபத்ரா கட்டம் கட்டமாகப் பார்த்தாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டது மாதிரிதான் இதுவும். நீட்டினார்கள், போட்டார். நிச்சயமா என்று கேட்டார்கள், நிச்சயம் என்றார்.

எட்டே முக்காலுக்கு வினிதா வந்து சேர்ந்தாள். தலை பின்னவில்லை. காலில் வேறு வேறு செருப்பு. வந்த வேகத்தில் அவர் தோளில் இரண்டு அடி அடித்துவிட்டு, அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

"போன எடுக்க மாட்டியா நீ? ரயில்ல டவரே இல்ல. கூடுவாஞ்சேரி வரைக்கும் நீ செத்துட்டேன்னு நெனச்சிகினே வந்தேன்."

"பட்டனத் தொடக்கூடாதுன்னு போட்டிருந்துது."

"அதுக்காக?"

"வினி, அம்மா படத்தையெல்லாம் நானே அழிச்சிட்டேன்."

அவள் அழுகை நின்றது. அதற்கு மேல் அவரைத் திட்டவும் முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போனா போவட்டும்ப்பா. அந்த ஆதாரே இருந்துட்டுப் போவுது."

அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடை ஒன்று மேற்குத் தாம்பரத்தில் இருப்பதாகப் பத்ரி சொன்னான். பதினோரு மணிக்கு அப்பாவும் மகளும் அங்கே இருந்தார்கள். கடையில் கீதா என்ற பெண் மட்டும் இருந்தாள். முப்பது வயதிருக்கும். கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"இது கம்பெனிக்குத்தான் போவணும் சார். கார்டக் குடுங்க."

கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேசை இழுப்பறையிலிருந்து பென்சில் ரப்பர் எடுத்து அதன் தங்கநிறப் பற்களை நாலு தேய்ப்புத் தேய்த்தாள்.

"அழுக்கு சார். இதத் தேய்ச்சிருந்தா மொதல்லயே படம் தெரிஞ்சிருக்கும்."

"ரப்பரா?"

"ரப்பர்தான்."

ஜெயவேலு வினிதாவைப் பார்க்கவில்லை. ஃப்ரேம் கடையில் சொல்லி வைத்துவிட்டு, திதிக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று அவள் மார்க்கெட் பக்கம் போனாள்.

"ஃபார்மேட் பண்ணாலும் உள்ள இருக்கும் சார். மேல வேற எதுவும் எழுதலன்னா வந்துரும்."

"ஒரு ஃபைல் ஏத்திட்டேம்மா."

கீதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "பாக்கலாம் சார்."

கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஓடத் தொடங்கியது. ஜெயவேலு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். காலையில் ஒரு கோட்டைப் பார்த்தது போதும்.

"என்ன படம் சார்?"

"என் வீட்டுக்காரம்மா. போன வருஷம் தவறிட்டாங்க."

"அச்சோ. நிறைய எடுத்திருக்கீங்களா?"

"போற எடமெல்லாம் கேமராவோடதான் போவோம். மகாபலிபுரம், சிங்கப்பெருமாள் கோவில் மலை, ஏரி. வெளிச்சம் பாத்து செட்டிங் எல்லாம் நான்தான் வெப்பேன். ஒண்ணு தப்பா வராது."

சொல்லச் சொல்ல அவருக்கு எல்லாம் கண்முன் வந்தது. மகாபலிபுரத்தில் பச்சைப் புடவையில் நின்றாள். வெயிலுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. ஏரிக்கரையில் காற்று முந்தானையைத் தூக்க, அதை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். எந்தப் படத்தையும் அவர் தேட வேண்டியதில்லை. அத்தனையும் நேர் எதிரில் நின்று பார்த்த முகம்.

"ஏரியில கொஞ்சம் பின்னாடி போ, கொஞ்சம் பின்னாடி போன்னு சொல்லிகினே இருந்தேம்மா. முழங்கால் வரைக்கும் சேத்துல எறங்கிட்டா. அப்பவும் சிரிக்கிறா."

கீதாவும் சிரித்தாள். ஜெயவேலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ போனப்ப ஒரு நல்ல படம் வெக்க முடியலம்மா என்னால. மால போட்ட அன்னிக்கு அவ தங்கச்சியே கேட்டா, இது யாருன்னு. ஞாயித்துக்கெழமையாவது அவள அவளா வெக்கணும். ஒண்ணே ஒண்ணு கெடச்சாப் போதும்."

"இருங்க சார். வருது."

அவர் திரும்பவில்லை. வெளியே ஒரு ஷேர் ஆட்டோக்காரன் மேடவாக்கம், மேடவாக்கம் என்று கத்திக்கொண்டிருந்தான். உள்ளே மவுஸ் உருளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் உருண்டது. நின்றது. மறுபடியும் முதலிலிருந்து உருண்டது, இந்தத் தடவை மெதுவாக.

"வந்துடுச்சாம்மா?"

"எல்லாமே வந்துடுச்சு சார். நீங்க ஏத்துன ஃபைல் காலி எடத்துல போயி ஒக்காந்திருக்கு. ஒண்ணுகூட போகல. தொள்ளாயிரத்துப் பதினாலு."

ஜெயவேலு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கண்ணில் நீர் நின்றதால் திரை அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைச் சட்டை முனையில் துடைத்தார்.

"நல்லா வுழுந்திருக்காளாம்மா?"

கீதா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"தொள்ளாயிரத்துப் பதினாலுலயும் நீங்கதான் சார் நிக்கிறீங்க. இவ்ளோ அழகா உங்கள எடுத்தது யாரு சார்?"