லாரன்ஸ் மாற்றிவைத்த சுடுதண்ணீர்க் குழாய்கள் விஷயம்

சேசு மரி சூசை துணை

ஜார்ஜ்டவுன், பினாங்கு
1934 ஜூலை மாதக் கடைசி

தைப்பிங்கில் இருக்கும் மூத்த தமையனார் ஹென்றி அண்ணன் அவர்களுக்குத் தம்பி மைக்கேல் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது.

ஆண்டவர் கிருபையால் நானும் மார்த்தாவும் மகள் லீனாவும் உயிரோடு இருக்கிறோம். இந்த இடத்தில் 'சுகமாக இருக்கிறோம்' என்று எழுதுவதுதான் வழக்கம். இம்முறை யோசித்தே விட்டுவிட்டேன். அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

லீனாவை மோட்டார் டிரைவர் லாரன்ஸுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாகாது. சுங்க இலாகாவில் இருபத்தெட்டு வருஷம் சாமான்களைத் திறந்து பார்த்தவன் நான். ஒரு பெட்டியைத் தட்டினாலே உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இந்த லாரன்ஸ், சூலியா ஸ்திரீட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முகம்மது கனி ராவுத்தரிடம் டிரைவராக இருக்கிறான் அல்லவா, அந்த ராவுத்தர், ரப்பர் விலை விழுந்ததில் தோட்டத்தை விட்டுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையின் மோட்டாரை ஏலத்தில் எடுத்துவிட்டார். பந்தயத்தில் ஓடக்கூடிய வண்டியாம். முன்னால் கொல்லன் துருத்தி மாதிரி ஒரு யந்திரம், அதற்கு சூப்பர்சார்ஜர் என்று பெயர், அது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் ஊத ஊத, வண்டி பேய் பிடித்தாற்போல ஊளையிட்டுக்கொண்டு பறக்கும். அது போதாதென்று சீமைக் குளிரில் துரைக்குக் கால் விறைக்கக்கூடாதென்று, என்ஜினில் கொதிக்கிற தண்ணீரை இரண்டு ரப்பர் குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து, முன்ஸீட்டில் கால் வைக்கிற இடத்தில் ஒரு தகரப்பெட்டிக்குள் ஓடவிட்டு, மறுபடி என்ஜினுக்கே அனுப்புகிறார்கள். பினாங்கில் யாருக்கு அண்ணே கால் விறைக்குது? முன்ஸீட்டில் உட்காருகிற ராவுத்தர் பாதம் வெந்து, "தம்பி, இது மோட்டார் கெரெத்தாவா, அடுப்பா? குழாயை வெட்டி அடைச்சிடு லா" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடி அடைத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நல்ல மழை. லாரன்ஸ் ராவுத்தரிடம் கேட்டு வண்டியைக் கொண்டுவந்து எங்களை வீட்டில் விட்டான். வாதத்தில் முட்டி பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க என் தோளும் உட்கார லீனா தோளும் தேடுகிற மார்த்தா, முன்ஸீட்டில் அந்தத் தகரப்பெட்டிப் பக்கம் உட்கார்ந்து வந்தவள், வீட்டு வாசலில் தானாகவே இறங்கி நின்றாள். "என்னங்க, முட்டி பேசாம இருக்குதுங்க!" என்று அவள் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. உடனே லாரன்ஸைப் பார்த்து, "தம்பி, அந்தக் குழாயை மட்டும் அடைச்சிடாதேப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் யோசித்துவிட்டு, "மாமா, பெட்டியைப் பின்ஸீட்டுக்குக் கீழே மாத்திடறேன். குழாயை நீட்டி நடுவிலே ஒரு பித்தளைத் திருகு வெச்சா, முதலாளி ஏறும்போது மூடிக்கலாம், அத்தை ஏறும்போது திறந்துக்கலாம்" என்றான். என்னை மாமா என்று கூப்பிட அவனுக்கு யார் உத்தரவு கொடுத்தது? நான் தலையாட்டினேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். தலையை அசைத்தேன், உண்மை. அதில் சம்மதம் இல்லை.

அவ்வளவு நீளத்துக்கு ஒரே குழாய் கிடைக்காததால் துண்டு துண்டாகச் சேர்த்து, ஒட்டுக்கு ஒட்டு கம்பி போட்டு முறுக்கியிருக்கிறான். புக்கிட் மெர்த்தாஜம் புனித அன்னம்மாள் திருநாளுக்குப் போக ராவுத்தரே வண்டியைக் கொடுத்தார். "மரியம் அம்மாவோட தாயார்தானே, எனக்கும் சேர்த்து துவா கேளுங்க" என்றார். பெரிய மனுஷர்.

ஃபெரியில் கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தில் இறங்கும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் முன்னால்; மார்த்தாவும் லீனாவும் பின்னால்; திருகு திறந்திருந்தது, முட்டிக்கு இதமாக இருக்கிறதென்று மார்த்தா ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். புக்கிட் தெங்கா பக்கம் ஒரு பஸ் நிறைய யாத்திரைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு எங்களை முந்தினார்கள். உடனே வண்டி வேகமெடுத்தது. துருத்தி ஊளையிட்டது, வயலில் நின்ற எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, பஸ்ஸில் பாட்டு நின்றுபோய் அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். நாங்கள் பஸ்ஸைத் தாண்டின மாத்திரத்தில் பின்ஸீட்டுக்குக் கீழே 'பொட்'டென்று ஒரு சத்தம். ஒட்டு கழன்று கொதிநீர் சீறி, வண்டி முழுக்க ஆவி! மார்த்தா எங்கே, லீனா எங்கே, ஒன்றும் தெரியவில்லை. வண்டி நின்றது. நான் இறங்கித் தகுந்த தூரத்தில் நின்று நிலைமையை ஆராய்ந்தேன். ஆவி கலைந்து பார்க்கிறேன், லீனா ரோட்டோரம் நிற்கிறாள், ஸீட்டில் மார்த்தாவைக் காணோம்! இவள் வண்டியை விட்டுக் குதித்து, வாய்க்காலைத் தாண்டி, வயலுக்குள்ள முட்டளவு சேத்துல நிக்கிறா அண்ணே. ஆவி பறந்த அவ்வளவு தண்ணீரில் ஒரு சொட்டுகூட அவள் மேல் படவில்லை. இது புனித அன்னம்மாள் செய்த புதுமை என்று பங்குச் சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் கோயிலுக்கு எப்படிப் போனோம் என்று கேட்காதீர்கள். பன்றிக்கூடை ஏற்றி வந்த சீனன் லாரியில் போனோம். அன்னம்மாள் சுருபத்தைப் பவனியாக எடுத்துவருகையில் எங்களைச் சுற்றி மட்டும் ஜனங்கள் தாராளமாக இடம் விட்டார்கள். லாரன்ஸ் வண்டியோடு ரோட்டிலேயே இருந்துவிட்டான்.

ஆகவே அண்ணே, கம்பி முறுக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படிக் கட்டிக் காப்பான்? அசுர வேகத்தில் ஓட்டுகிறவன் பெண்ணை எங்கே கொண்டுபோய்க் கவிழ்ப்பான்? இந்தச் சம்பந்தம் வேண்டாம். இது என் முடிவான முடிவு. நீங்களும் ஒரு வரி அப்படியே எழுதிப்போட்டால் லீனாவிடம் காட்டுவேன்.

தேவமாதா உங்கள் வீட்டுக் கூரையின் மேல் தன் போர்வையை விரிப்பாளாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி
மைக்கேல்

பின்குறிப்பு: நேற்று இரவு உறையில் விலாசம் எழுத லீனாவிடம் இதைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். அழவில்லை, கோபிக்கவில்லை. "எல்லாம் சரியா எழுதியிருக்கீங்கப்பா. பஸ்ஸை முந்துடா முந்துடான்னு கத்தினது யாருன்னு விட்டுப்போச்சு. அம்மா மேல ஏன் தண்ணி படலைன்னும் விட்டுப்போச்சு" என்றாள். கத்தினது நான்தான். தண்ணீர் படாததன் காரணம், வண்டியை நிறுத்தின கையோடு லாரன்ஸ் பின்னால் தாவி, சீறுகிற குழாயை வெறுங்கையால் மடக்கி வெளியே திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அத்தே, குதிங்க!" என்று சொன்னதுதான். மார்த்தா வயலுக்குப் போய்ச் சேரும்வரை அவன் விடவில்லை. நான் அப்போது தகுந்த தூரத்தில் இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

இன்று காலை அவனைப் போய்ப் பார்த்தேன். இடது கை முழங்கைவரை துணி சுற்றியிருக்கிறது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "மாமா, அத்தைக்கு முட்டி எப்படி இருக்கு?" என்றான். திட்டத்தான் போயிருந்தேன் அண்ணே. "உட்காருங்க மாப்பிள்ளே" என்று வாயில் வந்துவிட்டது.

வருகிற ஞாயிறு பூசையில் இவர்களுடைய முதல் கலியாண ஓலை வாசிப்பார்கள். அண்ணியாரை அழைத்துக்கொண்டு நீங்கள் முன்கூட்டியே வந்துவிட வேண்டும். தாலி கட்ட இரண்டு கையும் வேண்டியிருப்பதால், புண் ஆறட்டுமென்று நாள் மட்டும் இன்னும் குறிக்கவில்லை.