விசில் சார் ஊதாத ஞாயிறு

மகன் வாங்கியிருக்கும் மின்சாரக் கார், பின்னால் எடுக்கும்போது கீக் கீக் என்று கத்துகிறது. சுவர் நெருங்க நெருங்கக் கத்தல் வேகமெடுக்கும். ஒட்டிப்போனால் ஒரே நீளமாக ஊதும். ஜப்பானிலோ ஜெர்மனியிலோ யாரோ கண்டுபிடித்தது என்று அவன் பெருமைப்படுகிறான். பச்சைப் பொய். தொண்ணூறுகளில் காரைக்குடியில் எங்கள் தெருவில் குடியிருந்த விசில் சார்தான் அதைக் கண்டுபிடித்தார்.

விசில் சார் ரிட்டயரான டிரில் மாஸ்டர். பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர் விசிலை விடவில்லை. தெருவில் எந்த வண்டி ரிவர்ஸ் எடுத்தாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்துவிடுவார். தூரம் இருந்தால் விட்டு விட்டு ஊதுவார். நெருங்கினால் படபடவென்று ஊதுவார். கடைசியில் மூச்சு முட்டும்வரை ஒரே ஊதல். அதற்கு மேல் ஓர் அங்குலம் நகர்த்தினால், முட்டி போடச் சொல்லாத குறையாகத் திட்டுவார்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்தும் நேமத்தான்பட்டியிலிருந்தும் கார்கள் வந்து குவிந்தன. சார் அத்தனையையும் உயர வரிசையில் நிறுத்தினார். குட்டை முன்னால், நெட்டை பின்னால். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை கார் நடுத்தர உயரம் என்பதால் நட்ட நடுவில் மாட்டிக்கொண்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்கு நடந்தே போனார்கள். வரிசை கலையக்கூடாதில்லையா என்று பெண்ணைப் பெற்ற அப்பச்சியிடமே நியாயம் கேட்டார் சார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாழ்நாள் வேலையாக வாய்த்தவன் நான். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். தூரம், வேகம், முடுக்கம் எல்லாம் கரைத்துக் குடித்தவன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் இடது எது, வலது எது என்று மறந்துவிடும். மாமனார் கொடுத்த பழைய காரைப் பின்பக்கமாக ஷெட்டுக்குள் ஏற்ற நான் படும் பாட்டைப் பார்க்கத் தெருவே கூடும். காய்கறிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வருவார். நான் இடித்த இடியில் கேட் தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தானாகவே எனக்கு வழிவிட ஆரம்பித்திருந்தது.

சேதி மாமனார் ஊரான கண்டரமாணிக்கத்துக்குப் போய்விட்டது. மாமனார் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், அவர் கண் முன்னால் நான் காரை ஷெட்டில் விட வேண்டுமாம், தூணில் பட்டால் கார் சின்ன மாப்பிள்ளைக்காம். சின்ன மாப்பிள்ளை ஒரே கையால் ரிவர்ஸ் எடுக்கிறவன். கார் போனால் போகட்டும். தீபாவளிக்குத் தீபாவளி அவன் அதில் வந்து இறங்குவதை எந்த முகத்தோடு பார்ப்பது? வீட்டுக்காரி வேறு அந்த வாரம் முழுக்க என்னிடம் ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டாள். தோற்கப்போகிறவனிடம் காட்டுகிற பிரியம்.

விசிலை நம்பித்தான் நான் தூங்கினேன். ஞாயிறு காலை மாமனார் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விசில் சாரும் வந்தார், வாயைப் பொத்திக்கொண்டு. முந்தின நாள்தான் முன்பற்களைப் பிடுங்கியிருக்கிறார்கள். விசிலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"சார், இன்னொரு நாள் வச்சுக்கிருவமா?" என்றேன்.

அவர் நேராக ஷெட்டுக்குள் போனார். பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, அட்டென்ஷனில் நின்றார்.

"என்ன சார் பண்றீக? வெளிய வாங்க."

"நான் இங்குட்டுத்தான் நிப்பேன். நீங்க பாட்டுக்கு வாங்க தம்பி."

"இடிச்சுட்டா?"

"இடிக்க மாட்டீக."

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண்ணாடியில் எனக்குச் சுவரும் தெரியவில்லை, தூணும் தெரியவில்லை. ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. எறும்பு ஊர்கிற வேகத்தில் போனேன். வாழ்க்கையில் முதன்முறையாகக் கால் சரியாகப் பிரேக்கில் இருந்தது. தூணைத் தாண்டியது எனக்கே தெரியாது. சார் கையைத் தூக்கியதும் நிறுத்தினேன். அவர் வயிற்றுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழைகிற இடம் இருந்தது.

மாமனார் காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார். கார் என்னிடமே தங்கியது. சார் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்து, வண்டி கோணலாக நிற்கிறது என்று குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இன்றைக்கும் நான் ரிவர்ஸ் எடுத்தால் வீட்டுக்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்னை நம்பிக் காருக்குப் பின்னால் நின்றவர் அந்த ஒரு மனிதர்தான்.