பூட்டு விழுந்ததா?

காலை ஆறரைக்குச் செய்தி வந்தது. தெரியாத நம்பரிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். அழகர் அண்ணன் நெஞ்சுவலியில் காலமாகிவிட்டாராம். நான் நம்பவில்லை. தெரியாத நம்பர் எதைச் சொன்னாலும் நம்பாதே, வேறு வழியில் உறுதிப்படுத்து என்று எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தானே? ஆகவே, உறுதிப்படுத்திக்கொள்ள அவருக்கே போன் எடுத்தேன். அவருடைய மனைவி ஞானேஸ்வரி அக்கா எடுத்து அழுதார்.

வாசகரே, பூட்டுப் பார்ப்பவர் என்றோர் இனம் உண்டு. பொத்தான் போனுக்குள் இன்டர்நெட் புகுந்த பிறகு தோன்றிய புது இனம். சில பக்கங்களைத் திறக்கும்போது அந்தச் சின்னத் திரையின் மூலையில் கடுகு மாதிரி ஒரு பூட்டுப் படம் விழும்; நாம் அனுப்புவதை இடையில் யாரும் வாசிக்க முடியாது என்பதற்கு அது அடையாளம். வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது நீங்களும் நானும் அதைக் கவனித்தால் போதும். இவர்களுக்குப் போதாது. வானிலைக்கும் பூட்டு வேண்டும், ராசிபலனுக்கும் பூட்டு வேண்டும்.

“அண்ணே, கிரிக்கெட் ஸ்கோருக்கு எதுக்கு பூட்டு?”

“நடுவுல ஒருத்தன் பூந்து ரன்னைக் கூட்டிட்டான்னா? நீ ஜெயிச்சோம்னு வெடி கொளுத்திக்கிட்டு நிப்ப. யாரு பதில் சொல்றது?”

பதில் சொல்ல முடிகிறதா? முடியாது. அதுதான் இந்த இனத்தின் பலம்.

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு நாங்கள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அழகர் அண்ணன் ஜன்னலோரம் உட்காரமாட்டார், வெளியே நிற்பவன் பார்ப்பான்; நடுவிலும் உட்காரமாட்டார், பின்னால் இருப்பவன் பார்ப்பான்; கடைசி இருக்கையில் முதுகைத் தகரத்தோடு ஒட்டிவைத்து, மழை இல்லாத பஸ்ஸுக்குள் குடையை விரித்து, லேஞ்சிக் கைக்குட்டையை எடுத்து முகத்தையும் போனையும் சேர்த்து மூடி, அந்த இருட்டுக்குள் ஒரு கண்ணை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அடிப்பார். எல்லாம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, உள்ளே ஊதுவார்.

“பூந்தவன் வெளிய போவணும்ல?”

இத்தனை காவலிலும் ஒரு சின்ன ஓட்டை. பொத்தான் போனில் ஓர் எழுத்துக்கு ஒரே பொத்தானைப் பல தடவை அமுக்க வேண்டும் அல்லவா? கணக்குத் தவறினால் எழுத்து மாறிவிடும். அதனால் லேஞ்சிக்குள்ளிருந்து சத்தமாக எண்ணுவார். “ஆறு ரெண்டு... நாலு மூணு... ஏழு நாலு...” பேராதனை வருவதற்குள் பஸ் முழுவதற்கும் மனப்பாடம். இந்த இனத்தாருக்குக் கள்ளன் என்றால் கடல் தாண்டி எங்கோ இருட்டறையில் உட்கார்ந்திருப்பவன். பக்கத்து இருக்கையில் காது இருக்கும் என்று தோன்றவே தோன்றாது.

சரி, சிரித்தாயிற்று. இனி அக்காவின் கதை.

மகள் நிஷாந்தி கட்டாரில் பெண் பிள்ளை பெற்று, அதன் படத்தை அப்பாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். ‘படத்தப் பாத்துட்டு நீங்களே ஒரு பேரு வைங்க அப்பா’ என்று போனிலும் சொன்னாள். அழகர் அண்ணன் திறக்கவில்லை. ஒன்று, கடிதம் மருமகனின் முகவரியிலிருந்து வந்திருந்தது. அது அவர் அறியாத முகவரி. இரண்டு, படம் இருந்த பக்கத்தில் பூட்டு விழவில்லை. எனக்கு அனுப்பச் சொல்லலாமே என்று நான் கேட்டதற்கு, “உன் போனா? அது சந்தைக் கட்டடம்” என்றார்.

அக்கா விடவில்லை. “என்னங்க, புள்ள யாரு சாடைன்னாவது பாக்க விடுங்களேன்.”

“இரு ஞானம். பூட்டு விழட்டும்.”

“ஒங்க பூட்டு விழுறதுக்குள்ள அது எழும்பி நடந்துரும்!”

விழவில்லை. அவர்தான் விழுந்தார்.

மரண வீட்டுக்கு, கண்டியில் போன் கடை வைத்திருக்கும் அக்குறணைப் பஹீம் வந்திருந்தார். அக்கா அந்தப் போனை அவரிடம் நீட்டினார்.

“தம்பி, பேத்தி படம் இதுக்குள்ளதான் கெடக்கு. தெறக்குற வழியை அவரு யாருகிட்டயும் சொல்லலையே.”

பஹீம் தரையைப் பார்த்தார். “அக்கா, குறை நினைக்காதீங்க. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். கடையில வெச்சி அடிப்பாரே.”

“எனக்கும் தெரியும்” என்றார் வாசலில் நின்ற பஸ் கண்டக்டர்.

பஹீம் போனைக் கையில் எடுத்ததும், பந்தலுக்குள் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். “ஆறு ரெண்டு, நாலு மூணு, ஏழு நாலு, நாலு ரெண்டு, ரெண்டு ஒண்ணு!” ஆங்கில எழுத்தில் நிஷா. மகளை அவர் கூப்பிடும் பெயர். அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் தலைமயிர், பிறகு நெற்றி, பிறகு இறுக்கி மூடிய கண்கள், கடைசியில் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த இரண்டு கைமுட்டிகள்.

“அவரு சாடைதான்” என்றார் அக்கா. “பாருங்களேன், இப்பவே ஒருத்தரையும் நம்பல.”

நீங்கள் அதிகம் சிரிக்க வேண்டாம். உங்கள் கடவுச்சொல்லும் பிள்ளையின் பெயர்தானே? அடிக்கும்போது உதடு அசைகிறதா என்று ஒரு தரம் கண்ணாடி முன் நின்று பாருங்கள். நான் பார்த்தேன். அசைகிறது.

அந்த மின்னஞ்சல் பெட்டியில், மகளுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் ஒன்றும் இருந்தது. ‘நீ நிஜமாகவே நிஷாதான் என்றால், சின்ன வயதில் உன்னைக் கடித்த நாயின் பெயரை எழுது. பதில் சரியாக இருந்தால் படத்தைத் திறந்து அம்மாவுக்குக் காட்டுகிறேன். பிள்ளைக்கு நல்ல பெயர் ஒன்று யோசித்துவிட்டேன். பூட்டில்லாத இடத்தில் அதை எழுதமாட்டேன். உன் பதில் வந்ததும்’

அதோடு நிற்கிறது. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.