மாடியில் காயவைத்த பாஸ் கிட்டார்

பாட்டுக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை. அவன் ஒழுங்காக வாசித்தால் பாட்டு நன்றாக இருந்தது என்பார்கள். தப்பாக வாசித்தால் மைக் செட் சரியில்லை என்பார்கள். இதைப் புரிந்துகொண்டவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். எனக்கு அந்த அறிவு அப்போது இல்லை. அதனால் என் அக்கா ஷீபாவின் கல்யாணத்தில், தாம்பரத்தில் எங்கள் தேவாலயத்துச் சபை மொத்தமும் பார்க்க, ஊரே என் கிட்டாரைக் கவனித்தது. இன்றுவரை கவனித்துக்கொண்டிருக்கிறது.

நான் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எதையும் தேதி போட்டுக் குறித்துவைப்பது என் வியாதி. (செருப்பு அறுந்த தேதி முதற்கொண்டு என்னிடம் உண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை.) அப்படித் தேதி குறித்து வாங்கியதுதான் அந்த பாஸ் கிட்டார். ‘நேச்சுரல் ஃபினிஷ்’ என்று பெயர். சாயம் எதுவும் பூசாமல், மரம் அப்படியே தெரியும்படி மேலே வார்னிஷ் மட்டும் அடித்திருப்பார்கள். அழகு என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அண்ணன் வில்சன் வந்தார். அவரும் பாஸ் வாசிப்பவர். அவர் கையில் இருந்ததும் நேச்சுரல் ஃபினிஷ்தான். ஆனால் நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வாங்கியது. வெளிச்சம் பட்டுப் பட்டுக் கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் பக்கத்தில் என்னுடையதைச் சாத்தினேன். வேகாத இட்லி.

“என்ன மச்சான், இப்பதான் பொறந்துச்சா?” என்றார் வில்சன்.

“கலர் எப்ப வரும்?”

“அதுவா வரும். இருபது வருசம் வாசி. அவசரப்படாத. கம்பிய மட்டும் மாத்து, ரொம்பக் கிறீச்சுங்குது.”

இரண்டு அறிவுரைகள். முதலாவதை அவமானமாகவும் இரண்டாவதைச் சவாலாகவும் எடுத்துக்கொண்டேன். இரண்டுமே சாதாரண அறிவுரைகள் என்பது அந்த வயதில் தெரிவதில்லை.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “நான் அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு உள்ள வரும்போது முதல் நாலு நோட்டு நீ மட்டும் வாசிக்கணும்டா. வேற சத்தமே கூடாது. அப்புறம்தான் கீபோர்டு, பாட்டு எல்லாம். நான் கம்பீரமா அழுதுக்கிட்டே வரணும்.” கம்பீரமாக அழுவதற்குக் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு நடந்தது. நாலு நோட்டு. ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் சாயங்காலத்துக்குள் வாசித்துவிடும்.

நான் ஒத்திகை பார்க்கவில்லை. ஆராய்ச்சியில் இறங்கினேன்.

வெளிச்சம் பட்டால்தானே நிறம் மாறும்? தாம்பரத்தில் மே மாதத்து மொட்டை மாடியில் வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்? வில்சன் இருபது வருடத்தில் வாங்கிய வெயிலை நான் மூன்று வாரத்தில் வாங்கிவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கட்டிலைப் போட்டு, நிழல் விழாதபடி கிட்டாரின் கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டு, அம்மாவின் மிளகாய் வற்றலுக்கு அடுத்த இடத்தில் கிட்டாரை மல்லாக்கப் படுக்கவைத்தேன். அன்றைய செய்தித்தாளைத் தேதி தெரியும்படி பக்கத்தில் வைத்து ஒரு போட்டோவும் எடுத்தேன். தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது, கடைசியில் மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே காலையில் கொண்டுபோய் வைப்பதும் சாயங்காலம் உறைக்குள் போட்டுக் கீழே கொண்டுவருவதும் அம்மாவின் பொறுப்பு. (விஞ்ஞானிக்கு உதவியாளர் வேண்டாமா?)

நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் புதுக் கம்பி தேடினேன். வட்டச் சுற்றுக் கம்பி என்று ஒன்று. மேலே சொரசொரப்பாக இருக்கும், சத்தம் பளீரென்று வரும், விரல் நகர்ந்தால் கிறீச்சிடும். தட்டைச் சுற்றுக் கம்பி என்று இன்னொன்று. வழுவழுப்பாக இருக்கும், பழைய ரெக்கார்டில் கேட்பதுபோல ‘தும்’ என்று அடங்கி ஒலிக்கும். விஷயம் அவ்வளவுதான். இதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யலாம். ஆனால் இணையத்தில் இதற்காகவே குடும்பத்தை மறந்து சண்டை போடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. ‘மெல்லிய கம்பி கோழைகளுக்கு’ என்று எவனோ முகம் தெரியாத ஒருவன் எழுதியிருந்தான். அவனை நம்பி, கிடைத்ததிலேயே பருமனான தட்டைக் கம்பிகளுக்கு ஆர்டர் கொடுத்தேன். எனக்கு வில்சனைத் தெரியும், அவருடைய போன் நம்பரும் என்னிடம் இருந்தது. ஆனால் கேட்டால் மானம் போய்விடுமே.

“கம்பி மாத்துறதுக்கு ஒரு மாசமாடா? நான் மாப்பிள்ளைய பத்து நிமிசத்துல ஓகே சொன்னேன்” என்றாள் அக்கா.

பார்சல் வந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம். கம்பி மாட்டுவதற்காகக் கிட்டாரை உறையிலிருந்து உருவினேன். செய்தித்தாளும் கேமராவும் தயார்.

மரம் அழகாகத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் நடுவில், வேகாத இட்லியின் பழைய நிறத்தில், பூக்களும் இலைகளும் சூழ, கொட்டை எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது.

நல்வரவு.

“அம்மா!”

அம்மா நிதானமாக வந்தாள். “காக்கா எச்சம் போட்டுச்சுப்பா. அதான் டீப்பாய் உறைய எடுத்து மேல போட்டேன். காத்துல நகராம தினமும் பின்னு குத்தி, மூலைக்கு மூலை சரியா வச்சேன்.”

அம்மா கல்யாணமான புதிதில் குரோஷா ஊசியால் பின்னிய உறை அது. டீப்பாய் உடைந்த பிறகு பீரோவில் வேலையில்லாமல் இருந்தது. பின்னலின் ஓட்டை வழியே வெயில் இறங்கிய இடமெல்லாம் தேன். நூல் அடைத்த எழுத்துகள் மட்டும் வெளுப்பு. மூன்று வாரமும் ஒரு நூலிழை பிசகாமல் வைத்திருக்கிறாள். என் பரம்பரை வியாதி எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பற்பசை போட்டுத் தேய்த்தேன். வார்னிஷுக்கு அடியில் இருப்பது எப்படிப் போகும்? எழுத்து இன்னும் பளபளத்தது.

“ஏன்டா தேய்க்கிற? கல்யாண வீட்டுக்கு நல்லாத்தானே இருக்கு” என்றாள் அம்மா.

சரி, கம்பியாவது மாட்டுவோம் என்றால், கழுத்தின் முனையில் கம்பி உட்காரவேண்டிய பள்ளத்தில் புதுக் கம்பி உட்காரவில்லை. பள்ளம் பழைய மெல்லிய கம்பிக்கு வெட்டியது. பருமனான கம்பி, நிரம்பிய பஸ்ஸின் படிக்கட்டில் நிற்பவனைப் போல விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. முறுக்கினால் இறங்கிவிடும் என்று முறுக்கினேன். இறங்கவில்லை. பழைய கம்பிகளை அம்மாவிடம் கேட்டேன். அவற்றால் அம்மா கொடியை இழுத்துக் கட்டியிருந்தாள். அதில் என் கல்யாணச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் கோயிலில் என்னை முதலில் வரவேற்றவர் மைக் செட்காரர்.

“இன்னா சார், வாசல்ல வெக்கவேண்டிய போர்ட உள்ளாற தூக்கிகினு வந்துட்ட?”

வலது கையால் எழுத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். வாசிக்க வேண்டுமென்றால் அந்தக் கையை எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவு திறந்தது. வெள்ளைப் புடவையில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா. கண்களில் ஒத்திகை பார்த்த ஈரம். சபை எழுந்து நின்றது. அவள் கேட்டபடியே வேறு சத்தமே இல்லை. கையை நகர்த்தினேன். முதல் நோட்டை அடித்தேன்.

‘டொய்ங்’ என்றது. படிக்கட்டில் நின்றவன் விழுந்துவிட்டான். பள்ளத்திலிருந்து துள்ளிய கம்பி மற்ற மூன்றின் மேல் சாட்டையாக விழ, தாம்பரம் ஸ்டேஷனில் ஏதோ தடம் புரண்டதுபோல ஸ்பீக்கர் அலறியது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அக்காவும் திரும்பினாள். கிட்டாரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சிரித்தாள். கம்பீரமாக அல்ல, வாயைப் பொத்திக்கொண்டு, முகத்திரை குலுங்கக் குலுங்க, நடக்க முடியாமல் அப்பாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். அப்பா சிரித்தார். முன் வரிசையில் வில்சன் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டார். (அவர் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.) ஆயர் ஐயா இருமினார். கீபோர்டுக்காரர் மீதி மூன்று நோட்டையும் இடது கையால் வாசித்து முடித்தார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வரவேற்பு மண்டபத்துக்குப் போனால், வாசலில் பன்னீர்ச் செம்புக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் நடுவில் என் கிட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கழுத்தில் மல்லிகைச் சரம். வைத்தது வில்சன். “இப்பதான் மச்சான் அதுக்குச் சரியான இடம் கெடைச்சிருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஞானஸ்நானமோ கிரகப்பிரவேசமோ, முதல் போன் எனக்குத்தான் வரும். “நீ வர்றியோ இல்லையோ, நல்வரவ அனுப்பிடு.” அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அவள் அழும் படம் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. எனக்கு இருந்தது. ஆனால் இடைவிடாமல் சிரிக்கிறவர்கள் நடுவில் ஒருவன் எத்தனை நாள் வருத்தப்பட முடியும்?

வில்சன் சொன்னது சரிதான், நிறம் அதுவாக வரும். விசேஷ வீடுகளின் வெளிச்சத்தில் நின்று நின்று வெளுத்த எழுத்துகளும் பழுக்கத் தொடங்கின. இன்னும் கொஞ்ச நாள், எல்லாம் ஒரே தேனாகிவிடும், என் மானமும் திரும்பிவிடும் என்று காத்திருந்தேன். போன மே மாதம் மாடிக்குப் போனபோது அதே இரும்புக் கட்டிலில் கிட்டார் படுத்திருந்தது. மேலே டீப்பாய் உறை, மூலைக்கு மூலை பின் குத்தியபடி.

“எழுத்து மங்கிடுச்சுப்பா” என்றாள் அம்மா.