அரண்மனைக்குள் ஓடிய ஆறு

செங்கொடி ஆறு பாயும் நாட்டை மகாமேகவர்மர் என்னும் அரசர் ஆண்டுவந்தார். கிணறுகள் வற்றுகின்றன என்று வதந்தி கிளம்பியதும், அமைச்சர் துல்லியராயரை அழைத்து, நிலத்தடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணிக்கச் சொன்னார்.

அமைச்சர் ஒரு கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை; அவருக்கு வெயில் ஆகாது. அரண்மனை மண்டபத்திலேயே மணலும் களிமண்ணும் பரப்பி, ஆற்றுப் படுகை முழுவதற்கும் ஒரு மாதிரி செய்தார். குட்டி மலை, குட்டி ஆறு, ஊருக்கு ஊர் குட்டிக் கிணறு. தண்ணீர் ஊற்றியதும் எல்லாக் கிணறுகளிலும் நீர் ஏறியது. அரசரின் மைத்துனர்கள் கரும்புக்கு இரவுபகலாக இறைப்பதை மட்டும் அதில் சேர்க்கவில்லை. குடும்ப விஷயத்தைச் சபையில் பரப்புவது பண்பல்லவே.

மாதிரிப்படி முப்பதடியில் நீர். ஆகவே அதைவிட நீளமான கயிறு வைத்திருப்பது ராஜத்துரோகம் என்று ஆணை பிறந்தது. கொஞ்ச நாளில் குட்டி ஆறு சுண்டத் தொடங்கியது. அதை நிரப்ப ஒவ்வொரு ஊரும் தினமும் ஒரு வண்டித் தண்ணீர் தரவேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. அந்த வண்டிக்காரர்களின் கயிற்றுக்கு மட்டும் நீளத்தில் விலக்கு உண்டு.

கொக்கரமேட்டுப் பாவாயிக்கு இருந்த ஒரே சொத்து ஓர் எருமை. கன்று ஈன்ற அது தாகத்தில் படுத்துவிட்டது. இன்று தண்ணீர் காட்டாவிட்டால் பிழைக்காது. அவள் குடமும் சொம்புமாக நேரே அரண்மனைக்கு நடந்தாள். ஊரே பின்னால் போயிற்று.

“எங்க கெணத்துல தண்ணி இல்லீங்க,” என்றாள்.

“தவறான தகவல்,” என்றார் அமைச்சர். “இதோ கொக்கரமேடு, இதோ உன் கிணறு. கண் இருந்தால் பார்.”

பாவாயி குனிந்து பார்த்தாள். “இது என் கெணறுதானுங்களா?”

“ஐயமே வேண்டாம். அரசு முத்திரை குத்தியிருக்கிறது.”

“அப்பச் சரிங்க,” என்று சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றினாள்.

காவலர்கள் பாய்ந்து வந்தார்கள்.

“என் கெணத்துல நான் மொள்ளக் கூடாதுங்களா?”

அமைச்சர் காவலர்களைக் கைகாட்டி நிறுத்தினார். அது அவள் கிணறு இல்லை என்றால் மாதிரியே பொய்யாகிவிடும். சேதி பரவி மற்ற ஊர்க்காரர்களும் குடத்தோடு வந்து, அவரவர் கிணற்றைத் தேடி மொண்டார்கள். மண்டபம் திருவிழாவாயிற்று. பொழுது சாய்வதற்குள் குட்டி ஆறு வற்றியது. கொக்கரமேட்டில் எருமை எழுந்து நின்று குடித்தது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

மாலையில் வந்த அரசர் வெறும் மணலைப் பார்த்து, “என்ன இது?” என்றார்.

துல்லியராயர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “மன்னர் மன்னா, இன்றுதான் மாதிரியும் நாடும் அணுவளவும் பிசகாமல் ஒத்துப்போகின்றன.”

அரசர் அகமகிழ்ந்து, தம் கையாலேயே அவருக்குப் பொற்பதக்கம் அணிவித்தார்.