பேனா! பேனா!

பேனா கைநழுவி, மைதானத்துக் கல் படிகளில் டக் டக்கென்று உருண்டு கீழே போனது. படிக்கட்டு முடிகிற இடத்தில் சாக்கடை.

"பேனா! பேனா!" என்று அலறினார் ஆராய்ச்சிக்காரர்.

அதே நொடியில் உள்ளூர் கால்பந்து அணி கோல் போட்டது. எட்டு ஆட்டங்களாகக் கோல் வாங்கி மட்டுமே பழகிய அணி அது. போட்டவனே நம்பாமல் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். படிக்கட்டில் இருந்த முப்பது பேரும் திரும்பி ஆராய்ச்சிக்காரரைப் பார்த்தார்கள்.

மூன்று வருஷமாக அதே படியில் உட்கார்ந்திருக்கிறார், பாவம், ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் மைதானத்துக்கு வருவது பந்தைப் பார்க்க அல்ல, பந்து பார்ப்பவர்களைப் பார்க்க. பல்கலைக்கழகத்தில் அவருடைய தலைப்பு 'விளையாட்டின் சமூக, பண்பாட்டுப் பங்கு'. "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "விளையாட்டைப் பத்திப் படிக்கிறார்" என்பாள் மனைவி. "விளையாட்டாவா படிக்கிறார்?" என்பார்கள். "அதுவும்தான்" என்பாள்.

"இப்ப என்னமோ சொன்னீங்களே, மறுபடி சொல்லுங்க!" என்றார் தொப்பிக்காரர். படிக்கட்டில் கூச்சலுக்குத் தலைமை அவர்தான்.

"ஒண்ணுமில்லைங்க, என் பேனா..."

"பேனா!" என்று முழங்கினார் தொப்பிக்காரர். "பேனா! பேனா!" என்றது கூட்டம். கெட்ட நேரம் பாருங்கள், இரண்டாவது கோலும் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் வந்தார்கள். எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு பேனா. அன்றும் அணி ஜெயித்தது.

"போய் உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"சொன்னா போச்சு! ஆராய்ச்சி பண்றவன் வேடிக்கைதான் பாக்கணும், அவனே வேடிக்கையாகக் கூடாது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிஞ்சா மூணு வருஷக் குறிப்பையும் தூக்கிக் குப்பையில போடுன்னு சொல்லிடுவாங்க. எனக்குக் குடுத்த கெடு இந்த வருஷத்தோட முடியுது. அப்புறம் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை."

"அப்ப ஒரு வாரம் போகாம இருங்க. அவங்களே மறந்துடுவாங்க."

போகவில்லை. அணி ஐந்து கோல் வாங்கித் தோற்றது. திங்கட்கிழமை காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள்.

"நீங்க இல்லாம ஒண்ணும் ஓடலை தம்பி" என்றார் தொப்பிக்காரர், கண் கலங்க. "உடம்பு சரியில்லைன்னாலும் சொல்லுங்க, தூக்கிட்டுப் போயிடறோம்."

எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. வாயில் நுரையோடு தலையாட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுவாரம் படிக்கட்டின் நட்டநடுவில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். சரி, வார்த்தையை மாற்றிவிட்டால் இந்தப் பித்து தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, "பென்சில்!" என்று கத்தினார். எதிரணி கோல் போட்டது.

"வாயைக் கழுவுங்க தம்பி!" என்று சீறினார் தொப்பிக்காரர். அன்றிலிருந்து மைதானத்துக்குள் பென்சில் கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே சோதனை போட ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கு டியூஷன் முடித்து நேராக வந்த பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம்.

இதற்குள் அவருடைய குறிப்பேடு பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ச்சியை மேற்பார்க்கிற நெறியாளர் கைக்குப் போயிருந்தது. படித்த நெறியாளர் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார்.

"அடேயப்பா! உழைக்கிற ஜனங்க ஒரு எழுதுகோலைக் கூப்பிட்டுக் கத்தறாங்க! படிப்பு மேல எவ்வளவு ஏக்கம் இருந்தா இப்படிக் கத்துவாங்க! இதுக்குத் தனி அத்தியாயம் எழுதுய்யா!"

"சார், அது எப்படி ஆரம்பிச்சதுன்னா..."

"ஆரம்பத்தையெல்லாம் கிளறாதே" என்று நெறியாளர் படபடவென்று கையை ஆட்டினார். "அர்த்தத்தை மட்டும் பாரு."

ஆராய்ச்சிக்காரர் அர்த்தம் கேட்டு அலைந்தார். அணியைத் தொடங்கியவர் ஒரு வாத்தியார், அவர் ஞாபகமாகத்தான் கத்துகிறோம் என்றார் ஒருவர். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதுதான் கத்தறோம்" என்று சத்தியம் செய்தான் ஒரு வாலிபன். அந்தத் தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஆராய்ச்சிக்காரர் எல்லாவற்றையும் எழுதினார். அறுபது பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கை கூசியது.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நாளன்று கருத்தரங்க அறையில் உட்கார இடமில்லை. தொப்பிக்காரர் ஆள் உயர அட்டைப் பேனாவோடு முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற பெரியவரும் வெள்ளை படிந்த செருப்போடு வந்து கடைசி வரிசையில் ஒதுங்கினார். மனைவி கதவோரம் நின்றாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அத்தியாயம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் 'பேனா' முதல்ல யார் வாயிலேர்ந்து வந்ததுன்னு எங்கேயும் எழுதலையே?"

"நேரமாச்சு, அடுத்த கேள்விக்குப் போயிடலாமே" என்று இருமினார் நெறியாளர்.

ஆராய்ச்சிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையசைத்தாள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த சொல் வெளியே வந்துவிட்டது.

"என் வாயிலேர்ந்துதான் மேடம். என் பேனா கீழே விழுந்துடுச்சு, அதான் கத்தினேன். அந்த நேரம் பார்த்து கோல் விழுந்துடுச்சு."

அட்டைப் பேனா மெதுவாகச் சாய்ந்தது.

"அப்ப நாங்க ஜெயிச்சதெல்லாம்?" என்றார் தொப்பிக்காரர்.

"பசங்க நல்லா ஆடித்தாங்க ஜெயிச்சாங்க."

தேர்வாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார். "அப்படின்னா இந்த ஆராய்ச்சியை நான் எப்படி ஏத்துக்கறது?"

"ஏத்துக்க முடியாது மேடம். எனக்கே தெரியுது." சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. நெறியாளரோ யார் முகத்தையும் பார்க்காமல் கழுத்தைத் துடைத்தார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி கழுத்தைத் துடைத்தார்.

கடைசி வரிசையில் இருந்து சுண்ணாம்புக் கோடு போடுகிற பெரியவர் எழுந்து நெறியாளரைக் கைகாட்டினார்.

"ஏம்மா, இதுக்குப் போயி அந்தப் பிள்ளை பட்டத்தை நிறுத்தாதீங்க. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி இதோ இந்தப் பெரிய சாரு அதே படியில உக்காந்து குடையைத் தொலைச்சுட்டுக் கத்தினாரு. நாங்க 'குடை! குடை!'ன்னு கத்தினதை எழுதித்தானே அவரே டாக்டர் ஆனாரு!"