உறுப்பினர் தொகாஷி கிமியேவின் பெயரை நீக்குவது குறித்து

பெறுநர்: ஆசிரியர், 'சபிகுகி' இசைக்குழு ரசிகர் மன்ற மாத இதழ், தோக்கியோ.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் தொடங்கி, வீட்டுக்குள் காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் காயாத இந்நாட்களில், தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும், இசைக்குழுவின் ஐந்து பேரும் (பாடகருக்கு இடுப்பு வலி என்று சென்ற இதழில் படித்தேன்) நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சகாத்தா நகரில் வசிக்கும் தொகாஷி தெய்ஜி. வயது எழுபத்தொன்று. ரயில்வேயில் நாற்பத்தோரு ஆண்டுகள் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் மன்றத்தில் முப்பத்தாறு ஆண்டுகளாக உறுப்பினராக இருந்த தொகாஷி கிமியே என் மனைவி. கடந்த பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலமானாள். அவளுடைய பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்வதே இக்கடிதத்தின் நோக்கம். ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் தங்கள் படிவத்தில் 'விலகுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டமும், 'எங்களிடம் குறை ஏதும் உண்டா' என்று இன்னொரு கட்டமும் இருக்கின்றன. முதல் கட்டத்துக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. இரண்டாவது கட்டத்தில் இடம் போதவில்லை. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதலில் இறுதிச் சடங்கு. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கிமியே என்னைக் கிட்டே கூப்பிட்டு, "பெட்டியை மூடுறப்ப 'நனைஞ்ச தீக்குச்சி' பாட்டைப் போடுங்க. உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். அஞ்சு நிமிஷம்தான், பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றாள். அந்தப் பாட்டு எனக்கும் தெரியும். மீன் கடையிலிருந்து பள்ளிக்கூட விளையாட்டு விழா வரை எங்கே போனாலும் அதுதானே ஓடுகிறது. ஆனால் எந்த வட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் அலமாரியில் தங்கள் குழுவின் வட்டுகள் முப்பத்திரண்டு இருந்தன, அவற்றில் ஒன்பதில் அதே பாட்டு. பனி மூடிய நெல்வயல் படம் போட்டு, பார்க்கவே அமைதியாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அது மேடையில் பாடியபோது பதிந்தது என்று பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருந்ததாம். யார் கண்ணுக்குத் தெரியும் அது? பூக்களை வைத்தாகிவிட்டது, மூடியைத் தூக்கியாகிவிட்டது, சடங்குக் கூடத்து ஊழியர் பொத்தானை அமுக்கினார். பாட்டு வரவில்லை. தங்கள் பாடகர் வந்தார். "ஏய், எல்லாரும் இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கத்தினார். எட்டாயிரம் பேர் ஆமாம் என்று பதிலுக்குக் கத்தினார்கள். "சத்தம் பத்தல, இன்னொரு தடவ சொல்லுங்க, உயிரோட இருக்கீங்களா?" என்றார். கிமியேவின் அண்ணன் அகிதாவிலிருந்து வந்திருந்தார், எண்பது வயது, காது மந்தம். சடங்கு நடத்த வந்த பிக்குதான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு கையைத் தூக்கி, "இருக்கேங்க, இருக்கேன்" என்றார். ஊழியர் பதறிப்போய் ஓடி வேறு எதையோ திருக, சத்தம் இரண்டு மடங்காயிற்று. நான் மூடியின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றேன். கையை எடுக்க முடியாது, காதைப் பொத்தவும் முடியாது. நல்லவேளையாக அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. எல்லாம் முடிந்தபின் மன்னிப்புக் கேட்கப் போனால், அந்த இளம் பிக்கு தலையைக் குனிந்துகொண்டு, "அது நீகாட்டாவுல எடுத்த பதிவுங்க ஐயா. நான் அன்னிக்கு அங்க இருந்தேன்" என்றார். எல்லாரும் போயிருக்கிறார்கள். நான் மட்டும் போனதில்லை.

இரண்டாவது, நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தன்று காலைத் தபாலில் தங்கள் பிறந்தநாள் வாழ்த்து அட்டை வந்தது. 'கிமியே அவர்களுக்கு அறுபத்தேழாம் ஆண்டு வாழ்த்துகள், இவ்வருடமும் தொண்டை கிழியக் கத்துவோம்' என்று அச்சடித்திருந்தது. அவளுக்கு வந்த தபாலை நான் கிழித்துப் போட முடியாது என்பதால் மாடத்தில் அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். வந்த உறவினர்கள் எல்லாரும் ஊதுவத்தி ஏற்றிவிட்டு அதைக் குனிந்து படித்தார்கள். அவள் அண்ணன் மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்.

மூன்றாவதுதான் முக்கியமான குறை. மே மாதம் தங்களிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. ஜூன் மாத நீகாட்டா நிகழ்ச்சிக்கு டிக்கெட். ஜனவரியிலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு குலுக்கலுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், கிடைத்தும் விட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அவள் போகும்போது, "இந்த வருஷமாவது வர்றீங்களா?" என்று கேட்பாள். "டூட்டி இருக்கே" என்பேன். ஓய்வு பெற்ற பிறகு, "முட்டி வலிக்குது" என்றேன். அவள் வற்புறுத்தியதே இல்லை, இரவுக்குச் சோற்று உருண்டை பிடித்து வைத்துவிட்டுப் போவாள். சரி, அவளுடைய இடத்தில் அவள் படத்தையாவது கொண்டுபோய் வைத்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன். இரண்டு மணி நேர ரயில். முட்டி நிஜமாகவே வலித்தது.

அரங்கத்து வாசலில் இருபது வயதுப் பெண் ஒருத்தி டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "ஐயா, இதுல கிமியேன்னு பேரு இருக்குங்க. அவங்க கூட வரலீங்களா?"

"வரல."

"எப்ப வருவாங்க? அவங்க வந்ததும் சேர்ந்தே உள்ள போகலாங்க."

அந்த வயதுப் பெண்ணிடம் வாசலில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது. பையைத் திறந்து படத்தை எடுத்துக் காட்டி, "இதோ, வந்திருக்கா" என்றேன். அவள் படத்தையும் டிக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஆள் இவங்கதான்னு நம்புறேங்க. ஆனா நேர்ல வரணும்னு விதி" என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. மேலாளரைக் கூட்டிவந்தாள். அவரும் ஐந்து முறை குனிந்து, அதே விதியைச் சொன்னார். இறந்தவர் டிக்கெட்டில் வேறொருவர் நுழைய முடியாது. நான் நாற்பத்தோரு வருடம் எத்தனையோ பேரை இதே மாதிரி குனிந்து, இதே குரலில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். ஆகவே அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள். ஆனாலும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது என்பதைக் குறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ரயிலுக்கு நேரம் இருந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. அரங்கத்தின் பின்பக்கம், லாரிகள் நிற்கும் இடத்துக் கூரையின் கீழ் ஒதுங்கினேன். அங்கே கழுத்தில் துண்டு போட்ட பெண்கள் மூன்று பேர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். குலுக்கலில் விழாதவர்கள் அங்கே நின்றுதான் கேட்பார்களாம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஹொன்மா என்பவள், "உங்களையும் விடலியா? இப்படி வாங்க, இந்தத் தூண் பக்கத்துல நின்னா டிரம்ஸ் நல்லா கேக்கும்" என்று இடம் விட்டாள். பிறகு என் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். சடங்குக்காக அதில் கறுப்புக் கிமோனோ உடுத்தியதுபோல மாற்றியிருந்தார்கள். அசலில் தங்கள் குழுவின் பனியன்தான் போட்டிருந்தாள்.

"இது கிமியே அக்கா இல்ல?" என்றாள் ஹொன்மா. "அக்காவுக்கு என்ன ஆச்சு? ஏன் கறுப்பு ரிப்பன் கட்டியிருக்கு?"

அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. யார் சொல்வது, நான்தானே சொல்லியிருக்க வேண்டும். இப்படி மூன்று பேர் இருப்பதே எனக்குத் தெரியாதே. சொன்னேன். ஒருத்தி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளே 'நனைந்த தீக்குச்சி' தொடங்கியது. வெளியே குரல் வரவில்லை, வெறும் அதிர்வுதான். வழக்கமாக அந்தப் பாட்டுக்கு எல்லாரும் வலது கையைத் தூக்குவார்களாம். முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு ஹொன்மா மட்டும் தூக்கினாள், மற்றவர்களும் தூக்கினார்கள். நான் ஒரு கையில் குடை, ஒரு கையில் படம் என்று நின்றேன். முதுகைச் சுவரில் சாய்த்திருந்ததால் அதிர்வு விலா எலும்பில் தெரிந்தது. முப்பத்தாறு வருடம் இதற்காகவா போய்வந்தாள், இதில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. புரியாமலே ஏழு மணி ரயிலைப் பிடித்து வந்துவிட்டேன். ஹொன்மா தன் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

ஆகவே அவள் பெயரை நீக்கிவிடுங்கள். இதழும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம், குலுக்கல் அறிவிப்பும் வேண்டாம். மேடையில் பதிந்த வட்டுகளில் பாடகர் என்ன கேட்பார் என்பதை அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். பயன்படாத டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

தங்கள் இதழ் தழைக்கட்டும். ஐவரின் இடுப்பும் தொண்டையும் நெடுநாள் நலமாக இருக்கட்டும் என்று வேண்டும்,

தொகாஷி தெய்ஜி
சகாத்தா, ஜூன் 24

பின்குறிப்பு: டிக்கெட்டைத் தாங்கள் அனுப்பிய உறையிலேயே வைத்துத் திருப்பி அனுப்பலாம் என்று உறையை உதறினேன். விளம்பரத் தாளோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு டிக்கெட் விழுந்தது. பதினான்காம் வரிசை, அவளுக்கு அடுத்த இருக்கை. அதில் தொகாஷி தெய்ஜி என்று அச்சாகியிருக்கிறது. என் அடையாள அட்டை அன்று சட்டைப்பையிலேயே இருந்தது. இப்போதுதான் ஹொன்மாவுக்குப் போன் செய்தேன். "அக்கா எப்பவும் ரெண்டுதாங்க வாங்குவாங்க" என்றாள். "பக்கத்து சீட்டுல தன்னோட கோட்டை மடிச்சு வச்சிருப்பாங்க. கேட்டா, 'எங்க வீட்டுக்காரருக்கு டூட்டி, முடிஞ்சா வந்துருவாரு'ன்னு சொல்வாங்க. நீங்க இன்னும் வேலைக்குப் போறீங்கன்னுதான் நாங்க நினைச்சுட்டிருந்தோம்." நான் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. ஆகவே மேலே எழுதிய குறைகள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். பெயரை நீக்க வேண்டாம். இலையுதிர் காலத்து நிகழ்ச்சிக்குக் குலுக்கல் படிவம் ஒன்று அனுப்புங்கள். அதில் இரண்டாவது ஆளின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டுமா, அந்த ஆள் நேரில் வராவிட்டால் இருக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவீர்களா என்பதை மட்டும் தெரிவியுங்கள். கொடுக்க மாட்டீர்கள் என்றால், அவளுடைய கோட்டை நான் கொண்டுவருகிறேன்.